ஏழாம் நம்பர் தாள்

“சார், அந்தக் கட்டைப் பிரிக்கணும்.”

தலைமையாசிரியரின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. பக்கத்து அறையில் கிளார்க் டைப்படிக்கும் சத்தமும் நின்றது.

“எந்தக் கட்டு?”

“திறனறித் தேர்வுத் தாள் கட்டு. உங்க பீரோவுல இருக்கே, அரக்கு வச்சது.”

கேட்டுவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கிளார்க் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “சம்பளம் லேட்டானா கேளுங்க. லீவு கேளுங்க. ஃபேன் ஓடலைன்னாலும் கேளுங்க, ஓடாது, ஆனா கேக்கலாம். வருஷா வருஷம் தேர்வு முடிஞ்சு திரும்பி வர்ற அரக்குக் கட்டை மட்டும் கேக்கவே கேக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு கேட்டாரு.”

“இப்ப அவர் எங்க இருக்காரு?”

“அதான் யாருக்கும் தெரியல.”

பத்து மாதம் மூன்று வாரம் அவள் கேட்கவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்குக் கேட்டுவிட்டாள்.

“எதுக்கு?” என்றார் தலைமையாசிரியர்.

“சும்மா. ஒரு சின்னச் சந்தேகம்.”

“சந்தேகத்துக்கெல்லாம் அரக்கை உடைக்க முடியாதும்மா. உடைஞ்சா ஏன் உடைஞ்சதுன்னு நான் எழுதணும். எழுதினா மேல போகும். மேல போனது திரும்பி வரும்போது என் தலையிலதான் வந்து விழும். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு அஞ்சு மாசம் இருக்கு.”

“காரணத்தைச் சொல்லிடறேன் சார். அன்னிக்கு நான்...”

“சொல்லாதீங்க!” அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். டம்ளர் கையிலேயே இருந்ததால் ஒரு காதில் கொஞ்சம் டீ போனது. “எனக்குத் தெரிஞ்சா அதையும் எழுதணும். தெரியாம இருக்கற வரைக்கும்தான் இந்த நாற்காலி.”

காதைத் துடைத்துக்கொண்டு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தின் மூலையை மட்டும் காட்டினார்.

“வெள்ளிக்கிழமையோட உங்க ஒப்பந்தம் முடியுது. புது உத்தரவு இதோ. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அதுவரைக்கும் எதையும் பிரிக்காம, எதையும் கேக்காம இருங்க. நல்ல பொண்ணு.”

நல்ல பொண்ணு வெளியே வந்தாள்.

பள்ளியில் அவளை ‘வழிகாட்டி டீச்சர்’ என்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம், எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்று சொல்வது அவள் வேலை. அவளுக்கு அப்படிச் சொல்ல யாரும் இருந்ததில்லை. அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அம்மா அட்டைப்பெட்டி மடிக்கிறவள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள்தான். முதல் ஆளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. தடுக்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை; வேடிக்கை பார்க்க மட்டும் தெருவே இருக்கும். “எம்பொண்ணு மேஜை போட்டு உக்காந்து வேலை பாக்குறா” என்று அப்பா சொல்லாத ஆள் கிடையாது. லாரி எடைபோடும் இடத்தில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லியிருந்தார். அந்த மேஜைக்கு வெள்ளிக்கிழமை வரைதான் உயிர் என்பது அவருக்குத் தெரியாது.

அன்று காலை எட்டே முக்காலுக்கே பிரச்சினை அவள் அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா ரூபத்தில்.

டாக்டரம்மா ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்து அதன்மேல் விரலை வைத்தார். பள்ளி முத்திரை போட்ட கடிதம். முந்தின நாள்தான் பத்தாம் வகுப்பின் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போனது. ‘திறனறித் தேர்வின்படி தங்கள் பிள்ளைக்குப் பொருத்தமான துறை’ என்று போட்டு, கீழே துறையின் பெயர்.

“மரவேலை, அறைகலன் தயாரிப்பு” என்று அவரே படித்துக் காட்டினார். “மேடம், எங்க வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாகூட ஆள் விட்டுத்தான் அடிப்போம். இவ வகுப்புல முதல் ரேங்க். என்ன தப்பு பண்ணினா இவ?”

முதல் ரேங்க் பக்கத்தில் நின்று அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மிஸ், இந்தக் கதவு தொங்குது. மேல் கீல்ல ஒரு திருகாணி இல்ல” என்றாள் மெதுவாக.

“நீ சும்மா இரு” என்றார் அம்மா.

“நீ சும்மா இரும்மா” என்றாள் வழிகாட்டியும். “ஏதோ தப்பு நடந்திருக்கு மேடம். பாத்துச் சொல்றேன்.”

‘ஏதோ தப்பு’ என்று வாயால் சொன்ன அந்த நொடியில்தான் அது நினைவுக்கு வந்தது.

அந்தத் தேர்வில் நூற்றிருபது கேள்விகள். வட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். தாளில் பெயர் எழுதக் கூடாது, நம்பரும் எழுதக் கூடாது. இன்னார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து யாரும் முடிவை மாற்றிவிடக் கூடாது என்று தேர்வு நடத்தும் நிறுவனம் செய்த ஏற்பாடு. தாள்களை வருகைப் பதிவேட்டு வரிசையில் அடுக்கி, மேலே பெயர்ப் பட்டியலை வைத்துக் கட்டி அனுப்ப வேண்டும். முதல் தாளின் முடிவு முதல் பெயருக்கு, இரண்டாவது தாளின் முடிவு இரண்டாவது பெயருக்கு. அவ்வளவுதான் முறை. திருத்தியதும் அதே தாள்கள் அரக்கு வைத்த கட்டாகப் பள்ளிக்குத் திரும்பி வரும்.

தேர்வு நாளில் ஏழாம் நம்பருக்குக் காய்ச்சல். மறுநாள் வந்து தனியாக எழுதினான். அவன் தாளை அவள் கையில் வாங்கினாள். அடுக்கின் அடியில் வைத்தாள். தன் கையால், தன் கண்ணால். கட்டிக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினாள்.

அடியில். ஏழாவது இடத்தில் அல்ல.

டாக்டரம்மா போனதும்தான் தலைமையாசிரியரிடம் ஓடியிருந்தாள். தாளின் கடைசியில் ‘உனக்குப் பிடித்த வேலை ஒன்றை ஒரு வரியில் எழுதுக’ என்று ஒரு கேள்வி உண்டு. ஏழாவது தாளில் இருப்பது யார் கையெழுத்து என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. சரி, முடிவுப் பட்டியலே சொல்லட்டும் என்று தன் அறைக்குத் திரும்பி, தொங்கும் கதவை நாற்காலி போட்டு அடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஏழாவது தாள் அடியில் போயிருந்தால், எட்டாம் நம்பரின் முடிவு ஏழாம் பெயருக்கு விழுந்திருக்கும். ஒன்பதாம் நம்பருடையது எட்டாம் பெயருக்கு. இப்படியே கடைசிவரை எல்லோருக்கும் அடுத்தவன் எதிர்காலம். அப்படியானால் ஒவ்வொரு முடிவையும் ஒரு வரி கீழே இறக்கி, கடைசி முடிவை ஏழாம் பெயருக்கு ஏற்றினால் சரியாகிவிடும்.

பென்சிலால் இறக்கிப் பார்த்தாள்.

இருபத்தொன்பதாம் நம்பர் டிரைவர் மகன். அவனுக்கு வந்திருந்தது ‘மருத்துவம்’. ஒரு வரி இறக்கினால் அது முப்பதாம் நம்பருக்கு, டாக்டரம்மாவின் பெண்ணுக்குப் போனது. முப்பதாம் நம்பரின் ‘மரவேலை’ முப்பத்தொன்றுக்கு, மணியக்காவின் பெண்ணுக்கு. மணியக்கா பள்ளிக்கூட உதவியாளர். மணி அடிப்பது, கட்டுக் கட்டுவது, பூட்டுவது, தண்ணீர் வைப்பது எல்லாம் அவள்தான். அவள் பெண்ணுக்கு வந்திருந்த ‘கணித ஆய்வு’ முப்பத்திரண்டாம் நம்பருக்கு, பேங்க் மேனேஜர் மகனுக்கு. இருபத்தெட்டில் இருந்த ‘வாகனப் பழுதுபார்ப்பு’ இறங்கி வந்து டிரைவர் மகனிடம் நின்றது.

தாழ்ப்பாள் விழுந்த மாதிரி எல்லாம் பொருந்தியது. டாக்டர் வீட்டுக்கு டாக்டர். டிரைவர் வீட்டுக்கு வண்டி. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சந்தேகம் தீர்ந்தது. பயம் இரட்டிப்பானது. ஏனென்றால், வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பதினொன்றாம் வகுப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தைக் கொடுக்க வேண்டும். மூன்றே கட்டம்: அறிவியல், வணிகம், தொழிற்பிரிவு. ஒரு டிக். போட்டால் இரண்டு வருடத்துக்கு மாற்ற முடியாது. தன் ஒரு தாளால் முப்பத்தாறு பிள்ளைகள் அடுத்தவன் டிக்கோடு போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னாலோ, இழுப்பறைக் காகிதம் இழுப்பறையிலேயே இருந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. சொல்லாமலே சரிசெய்வது. பயந்தவர்களுக்கு எப்போதும் தெரிகிற வழி.

புதன்கிழமை காலை முப்பத்தாறு புதுக் கடிதங்களோடு தலைமையாசிரியர் முன் நின்றாள்.

“என்னம்மா இது?”

“திருத்தம் சார். தொழில்நுட்பக் காரணம்.”

“காரணத்தைச் சொல்லிடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே முப்பத்தாறிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. படித்தால் தெரிந்துவிடுமே.

மணியக்காவிடம் அவள் பெண்ணின் கடிதத்தை நேரிலேயே கொடுத்தாள். திங்கட்கிழமை முதல் கடிதம் வந்தபோது அக்கா அதை மூன்று பேரிடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். மூன்றாவது முறை கேட்டுவிட்டு, மத்தியான மணியை நான்கு நிமிடம் தாமதமாக அடித்தாள். அவள் பெண்தான் ஓடிவந்து நான்கு நிமிடம் என்று சொன்னது. அந்தப் பெண் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும்.

“முன்னாடி வந்தது தப்பா டீச்சர்?”

“தொழில்நுட்பக் கோளாறு அக்கா.”

“ஓ. மிஷினா?”

“ம்.”

மணியக்கா சிரித்தாள். “அதானே. நானும் நினைச்சேன், நம்ம வீட்டுக்கு எப்படி இப்படியெல்லாம் வரும்னு. என்ன போட்டிருக்கு இதுல?”

“மரவேலை.”

“நல்லதுதான். வீட்ல கட்டில் ஒரு பக்கமா ஆடிக்கிட்டே இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படிக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை.

வழிகாட்டிக்கு அங்கே நிற்க முடியவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் போகிற வழியில் இருந்த குப்பைக்கூடையை உதைத்தாள். அது உருண்டு போய்க் கிளார்க்கின் காலில் மோதியது.

டாக்டரம்மாவிடமிருந்து நன்றி சொல்லி ஒரு போன் வந்தது. அது ஒன்றுதான் நல்ல போன். மற்றவையெல்லாம் பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தன.

முதலில் நேரில் வந்தவர் கறிக்கடைக்காரர். பன்னிரண்டாம் நம்பரின் அப்பா. கடையிலிருந்து ஏப்ரனோடு அப்படியே வந்திருந்தார். ஒரு கையில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை. இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஏதோ.

“அண்ணே, அது என்ன கையில?” என்றாள் வழிகாட்டி.

“கத்தி. சாணை பிடிக்கக் கொண்டு போறேன். நீங்க பயப்படாதீங்க, இதைப் பாருங்க.” பிளாஸ்டிக் அட்டையை நீட்டினார். “முதல் லெட்டர். ‘விமானப் பராமரிப்பு’. லேமினேஷன் பண்ணியாச்சு மேடம். கடைல தராசுக்கு மேல மாட்டியாச்சு. கறி வாங்க வந்தவன் எல்லாம் படிச்சாச்சு. இப்ப வந்து ‘செவிலியர் பணி’ங்கறீங்க. நான் வெட்டறது, அவன் கட்டுப்போடறதா?”

“அண்ணே, செவிலியர் பணி நல்ல வேலை.”

“யாரு இல்லைன்னா? லேமினேஷனை எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்லுங்க.”

அவர் பேசப் பேச, செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டு கத்தியின் முனை எட்டிப்பார்த்தது. அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் போய் முட்டினாள்.

அவர் போனதும் கிளார்க் வந்தார். ஆள் பயந்தால் மோப்பம் பிடித்து வருகிறவர்.

“என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். ஒரு யோசனை மட்டும் சொல்றேன். ரெண்டு லெட்டரும் சரின்னு சொல்லிடுங்க.”

“எப்படி?”

“முதல் லெட்டர் ஆர்வம். ரெண்டாவது லெட்டர் திறமை. ஆர்வம் ஒண்ணு, திறமை ஒண்ணு. யாருக்குத்தான் இல்ல? எனக்கு ஆர்வம் பாட்டு. திறமை டைப்பிங்.”

பொய்தான். ஆனால் இரண்டு நாள் தாங்கினால் போதும் என்று நினைத்தாள். வியாழக்கிழமை காலை பெற்றோர் குழுவுக்குச் செய்தி போனது.

பத்தே முக்காலுக்கு இருநூறு பதில்கள்.

ஆர்வத்துக்கு டிக் போடுவதா, திறமைக்கு டிக் போடுவதா? ஒரு வீட்டில் அப்பா முதல் கடிதத்தையும் அம்மா இரண்டாவது கடிதத்தையும் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை என்று அந்த வீட்டுப் பெண் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள்: ‘மிஸ், யாராவது ஒருத்தரைத் தப்புன்னு சொல்லுங்க, இல்லைன்னா இன்னிக்குச் சமைக்க மாட்டாங்க.’

அதற்குள் யாரும் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு படை கிளம்பியது. ஒன்று முதல் ஆறு வரை நம்பர் உள்ள பிள்ளைகளின் பெற்றோர். அவர்களுக்கு இரண்டாவது கடிதம் போகவே இல்லை. மாற எதுவும் இல்லாததால் அனுப்பவில்லை.

“எல்லாருக்கும் ரெண்டு வந்திருக்கு. எங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணு?” என்றார் மூன்றாம் நம்பரின் அப்பா போனில். “எம்பையனுக்கு ஆர்வம் மட்டும்தான் இருக்கு, திறமை இல்லைங்கறீங்களா?”

“இல்ல சார், அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“அதை எழுத்துல கொடுங்க.”

ஆறு கடிதங்கள் அடித்துக் கொடுத்தாள். ‘தங்கள் பிள்ளைக்கு ஆர்வமும் திறமையும் ஒன்றே.’ அதை மூன்றாம் நம்பரின் அப்பா படம் பிடித்துப் பெற்றோர் குழுவில் போட்டார், ஒரு பூங்கொத்துப் படத்தோடு.

அடுத்த நிமிடமே முப்பத்தாறு வீட்டிலும் கேள்வி ஒன்றுதான்: எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் இரண்டும் வேறு வேறு? இது ஏதாவது குறையா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

சிலர் காட்டியேவிட்டார்கள். டாக்டரம்மாவிடமே. மத்தியானம் டாக்டரம்மா போன் செய்தார். “மேடம், என் கிளினிக்ல பதினோரு பேர் உக்காந்திருக்காங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் என்ன மருந்து எழுதட்டும்?”

வீட்டில் அன்று அப்பா கேட்டார். “என்னம்மா, முகம் ஒரு மாதிரியா இருக்கு? மேஜைல வேலை அதிகமா?”

“ஆமாப்பா.”

“உக்காந்து பாக்குற வேலைதானே, பழகிடும்” என்றார் அவர், தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பெற்றோர் எல்லோரும் பள்ளி மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. மண்டபத்தின் இரைச்சல் தலைமையாசிரியர் அறை ஜன்னலைத் தாண்டி வந்து மேஜைமேல் இருந்த காகிதங்களை ஆட்டுவது போலிருந்தது. தலைமையாசிரியர் அவற்றின்மேல் பேப்பர்வெயிட்டை வைத்தார்.

“உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. மணி, இவங்களுக்குத் தண்ணி கொடு.”

மணியக்கா ஜக்கோடு வந்து டம்ளரில் ஊற்றினாள்.

மேஜைமேல் இரண்டு காகிதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று, இழுப்பறையை விட்டு முதல்முறையாக முழுசாக வெளியே வந்திருந்த புது உத்தரவு. கையெழுத்துகூடப் போட்டாயிற்று. இன்னொன்று, மண்டபத்தில் அவள் படிக்க வேண்டிய அறிக்கை.

“தேர்வு நிறுவனத்தோட இயந்திரத்துல கோளாறு. ரெண்டு லெட்டரும் செல்லாது. படிச்சுட்டு இறங்கிடுங்க. உத்தரவை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. அவ்வளவுதான்.”

“அப்ப படிவம்? நாலு மணிக்குள்ள கொடுக்கணுமே சார்?”

“அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. நம்ம கிளார்க் பென்சிலால போட்டு வச்சுட்டாரு. பெத்தவங்க கையெழுத்து வாங்கி, மேல பேனாவால ஓட்டிட்டா முடிஞ்சுது.”

கிளார்க் பெருமையோடு படிவக் கட்டை நகர்த்தினார். அவள் புரட்டினாள். டாக்டரம்மா பெண்: அறிவியல். பேங்க் மேனேஜர் மகன்: வணிகம். டிரைவர் மகன்: தொழிற்பிரிவு. கறிக்கடைக்காரர் மகன்: தொழிற்பிரிவு. மணியக்கா பெண்: தொழிற்பிரிவு.

“இதை எதை வச்சுப் போட்டீங்க?”

“எதை வச்சா?” கிளார்க்குக்குக் கேள்வியே புரியவில்லை. “பதிவேட்டுல அப்பா அம்மா தொழில் எழுதியிருக்குல்ல? அதைப் பாத்துத்தான். எப்பவும் தப்பாகாது.”

அவளிடம் நான்கு நாளாகக் குடியிருந்த பயம் அப்படியே இருந்தது. எங்கும் போகவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. ‘அப்பா தொழில்: சுமை தூக்குபவர்’ என்று ஒரு காலத்தில் இவளுக்கும் ஒரு பதிவேட்டில் எழுதியிருந்தது. அதைப் பார்த்து எவனோ பென்சிலைத் தூக்கியிருப்பான்.

“மிஷின் எந்தத் தப்பும் பண்ணல சார்.”

“அம்மா...” தலைமையாசிரியரின் கைகள் காதை நோக்கிக் கிளம்பின.

“காதுலேருந்து கையை எடுங்க சார். ஏழாம் நம்பர் பையன் மறுநாள் எழுதின தாளை ஏழாவது இடத்துல வைக்காம அடியில வச்சுட்டேன். அதனால முதல் லெட்டர்ல ஒருத்தன் முடிவு இன்னொருத்தனுக்குப் போயிடுச்சு. அதை மறைக்கத்தான் ரெண்டாவது லெட்டர். அதை மறைக்கத்தான் ஆர்வம், திறமை, எல்லாம். ரெண்டாவது லெட்டர்தான் சரி. தப்பு என்னுது. உங்க மிஷினோடது இல்ல, புள்ளைங்களோடது இல்ல. இதை நான் மண்டபத்துல சொல்லப்போறேன். சொல்லிட்டு, ஒவ்வொரு புள்ளையும் தன் கையால பேனாவால டிக் போட்டுக்கட்டும்னும் சொல்லப்போறேன்.”

மணியக்காவின் கையில் ஜக் சாய்ந்தபடியே நின்றது. டம்ளர் நிரம்பி, மேஜையில் வழிந்து, கையெழுத்துப் போட்ட புது உத்தரவின் அடியில் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

“யோசிச்சுப் பேசு” என்றார் தலைமையாசிரியர். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. “அங்க போய் இதைச் சொன்னா நாளைக்கு நீ இந்த வாசலை மிதிக்க முடியாது. எண்பது பேர் இருக்காங்க. உன்னைச் சும்மா விடமாட்டாங்க.”

“தெரியும் சார். பயமாத்தான் இருக்கு. கறிக்கடைக்காரர் வேற முன்வரிசையில உக்காந்திருக்காரு.”

“வீட்டை நினைச்சுப் பாரு. உங்கப்பாவை நினைச்சுப் பாரு.”

“அவரை நினைச்சுத்தான் சார் நாலு நாளா முட்டாள்தனம் பண்ணினேன்.” அவள் எழுந்தாள். பென்சில் டிக் போட்ட படிவக் கட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். “இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. எழுதுங்க. மேல அனுப்புங்க.”

“அந்தப் படிவத்தை வைங்க!” என்று கிளார்க் எழுந்தார். அவர் பாதத்தில் புதன்கிழமைக் குப்பைக்கூடை அடித்த இடம் இன்னும் வலித்ததால் நொண்டிக்கொண்டே இரண்டடி வைத்து நின்றுவிட்டார்.

உத்தரவுக் காகிதத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து நடந்தாள்.

வராந்தா நீளமாக இருந்தது. மண்டப வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே கறிக்கடைக்காரரின் குரல் தனியாகக் கேட்டது. நடை நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட முடிவாகிவிட்டது: மேஜை போயிடுச்சுப்பா, நான் இருக்கேன்.

பின்னால் ஓட்டமாக ஓடிவரும் சத்தம். காலி ஜக்கோடு மணியக்கா.

“டீச்சர்! நில்லுங்க டீச்சர்!”

“தடுக்காதீங்க அக்கா. சொல்லப்போறதுன்னா போறதுதான்.”

“சொல்லுங்க, வேணாங்கல. ஆனா ஏழாம் நம்பர் பையன் எழுதறப்ப நான்தானே காவலுக்கு இருந்தேன்; அவன் தாள் அடியில கிடந்துச்சுன்னு நான்தான் அதை உருவி, எண்ணிப் பாத்து ஏழாவதா செருகிட்டு அப்புறமாக் கட்டினேன்; அப்ப முதல்ல வந்த லெட்டர்தானே டீச்சர் சரி?”